நீலமும் மஞ்சளும் கட்டிக்கொண்டால்

கேள்வி: எனக்கும் கணவருக்கும் மதம் வேறு. ஒரு பாட்டி வீட்டில் திருநீறு, இன்னொரு பாட்டி வீட்டில் ஜெபம். ஐந்து வயது மகள், "நான் எந்த வீட்டுப் பிள்ளை?" என்று கேட்கிறாள். வேறுபாடுகளைத் தாண்டிய அன்பைச் சொல்லும் படப் புத்தகம் எதை வாங்கலாம்? அதை அவளுக்கு எப்படி விளக்குவது?

பதில்: விளக்குவதை முதலில் விட்டுவிடுங்கள். இந்த வயதில் பிள்ளைகள் கண்ணால்தான் கதை கேட்பார்கள். நல்ல படப் புத்தகத்தில் சொல்ல வேண்டியதைப் படமே சொல்லிவிடும்.

லியோ லியோனியின் ‘லிட்டில் புளூ அண்ட் லிட்டில் யெல்லோ’ கிடைக்கிறதா பாருங்கள். 1959-இல் வந்தது. ரயில் பயணத்தில் பேரப்பிள்ளைகளைச் சமாளிக்க, கையிலிருந்த பத்திரிகையைக் கிழித்துத் துண்டுகளை வைத்து அவர் சொன்ன கதை. முகம், கை, கால் எதுவும் கிடையாது. காகிதத் துண்டுகள்தான் ஆட்கள். சின்ன நீலம் சின்ன மஞ்சளைத் தேடி அலைகிறது. ஒரு தெருமுனையில் கண்டதும் இரண்டும் கட்டிக்கொள்கின்றன, கட்டிக்கொண்டே பச்சையாகிவிடுகின்றன. வீட்டுக்குப் போனால், இரண்டு வீட்டிலுமே ‘நீ எங்கள் பிள்ளை இல்லை’ என்கிறார்கள்.

உங்கள் மகளின் கேள்வி இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. இங்கே கொஞ்சம் நிறுத்துங்கள். நீங்கள் பேசாமல் இருந்தால் அவள் பேசுவாள். அப்புறம் பச்சை அழுது அழுது நீலக் கண்ணீரும் மஞ்சள் கண்ணீருமாகி, பழையபடி இரண்டாகிறது. கடைசியில் பெரியவர்களும் கட்டிக்கொண்டு பச்சையாகிறார்கள். அப்போதுதான் அவர்களுக்கு விஷயம் விளங்குகிறது. விளங்காமல் இருந்தது பெரியவர்களுக்குத்தான் என்பதால் எனக்கு இந்தக் கதை அவ்வளவு பிடிக்கும். படித்து முடித்ததும் நீலம், மஞ்சள் கண்ணாடித் தாள்களை அவளிடம் கொடுத்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கார்த் வில்லியம்ஸின் ‘த ராபிட்ஸ் வெட்டிங்’ (1958). ஒரு கறுப்பு முயலும் ஒரு வெள்ளை முயலும் காதில் பூ வைத்துக் கல்யாணம் செய்துகொள்ளும். காட்டு விலங்குகள் சுற்றி நின்று ஆடும். அவ்வளவுதான் கதை. கறுப்பரும் வெள்ளையரும் கல்யாணம் செய்துகொள்வதைச் சட்டமே தடுத்திருந்த அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், 1959-இல் இந்த முயல்கள் பெரிய சண்டையைக் கிளப்பின. புத்தகத்தைக் கொளுத்த வேண்டும் என்று அந்த மாநிலச் செனட்டர் ஒருவர் பேசினார். மாநில நூலகத் துறையின் தலைவர் எமிலி ரீட் அதைத் தூக்கி எறியவில்லை. தனி அலமாரிக்கு மாற்றி, கேட்கும் நூலகங்களுக்குக் கொடுத்தார். அந்தச் சட்டங்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாதவை ஆக்கியது 1967-இல்தான். இதெல்லாம் நீங்கள் தெரிந்துகொள்ள. மகளுக்கு முயல் கல்யாணம் போதும்.

கடையில் வேறு புத்தகங்களைப் புரட்டும்போது கடைசிப் பக்கங்களை முதலில் பாருங்கள். எல்லோரும் ஒதுக்கிய பிள்ளை ஒரு நாள் ஊரையே காப்பாற்றும், அதன்பின் சேர்த்துக்கொள்வார்கள். அந்த மாதிரிக் கதை நிறைய உண்டு, தயவுசெய்து வாங்காதீர்கள். உபயோகப்பட்டால்தான் அன்பு கிடைக்கும் என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும்.

ஆங்கிலப் புத்தகமாயிற்றே என்று யோசிக்க வேண்டாம். பக்கத்துக்குச் சில வரிகள்தான். படத்தைப் பார்த்து உங்கள் வீட்டுப் பேச்சிலேயே சொல்லலாம். தமிழிலேயே வேண்டுமென்றால் சென்னைத் தூலிகா பதிப்பகத்தின் புத்தகங்களைப் பாருங்கள்.

லீவில் ஊருக்குப் போகும்போது அந்த நீலம்-மஞ்சள் புத்தகத்தையும் பையில் வையுங்கள். இரண்டு பாட்டிகளும் ஆளுக்கொரு முறை அவளுக்குச் சொல்லட்டும்.