66% ஹெட் என்பதன் பொருள் என்ன?

கேள்வி: என்னிடம் உள்ள பால் பைத்தான் (ball python) மலைப்பாம்புகளில் ஆண் ஆல்பினோ, அதாவது கருநிறமி இல்லாதது. பெண் பார்வைக்குச் சாதாரண நிறம்தான். ஆனால் ‘66% ஹெட் ஆல்பினோ’ என்று சொல்லி விற்றார்கள். இவை இணைந்து ஆறு முட்டைகள் கிடைத்தால் எத்தனை ஆல்பினோ குட்டிகள் வரும்?

பதில்: சராசரிக் கணக்கு இரண்டு என்று சொல்லும். ஆனால் அந்தச் சராசரியை நம்பி இறங்க வேண்டாம்.

ஆல்பினோ ஒடுங்கு பண்பு; தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என அந்த மரபணுவின் இரு பிரதிகளும் சேர்ந்தால்தான் நிறம் வெளிப்படும். ஒரே பிரதியைச் சுமக்கும் பாம்பைத்தான் ஹெட் (heterozygous என்பதன் சுருக்கம்) என்கிறோம். இரண்டு ஹெட்கள் இணைந்தால் நான்கில் ஒன்று ஆல்பினோ. சாதாரணமாகத் தெரியும் மீதி மூன்றில் இரண்டு ஹெட், ஒன்று அதுவும் இல்லை. வெளித்தோற்றத்தில் அவற்றைப் பிரித்தறிய முடியாததால்தான், அப்படிப் பிறந்த சாதாரண நிறக் குட்டி ஒவ்வொன்றுக்கும் ‘66%’ என்ற முத்திரை குத்தப்படுகிறது. உங்கள் பெண் பாம்பு முக்கால்வாசி ஹெட் அல்ல, அரைகுறை ஹெட்டும் அல்ல. ஒன்று அந்த மரபணு அதனிடம் இருக்கிறது, அல்லது இல்லவே இல்லை.

இருந்தால், ஒவ்வொரு முட்டைக்கும் ஆல்பினோ வாய்ப்பு சரிபாதி. ஆறில் மூன்றை எதிர்பார்க்கலாம். இல்லாவிட்டால் ஒன்றுகூட வராது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஆறு முட்டைகளிலும் ஆல்பினோ இல்லாமல் போகும் வாய்ப்பு சுமார் 34%.

ஒரே ஒரு ஆல்பினோ குட்டி பொரிந்தாலும் தாய் ஹெட் என்பது உறுதி. ஆறும் சாதாரணமாகப் பிறந்தாலோ, ஹெட்டாக இருந்தும் இப்படி நேர 64-இல் ஒரு வாய்ப்புதான் என்பதால், 66% என்ற அந்த மதிப்பு 3% அளவுக்குச் சரிந்துவிடும். ஆல்பினோ எந்த வகை என்பதையும் விற்றவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்: லாவெண்டர் ஆல்பினோ வேறு மரபணுவைச் சேர்ந்தது, சாதாரண ஆல்பினோவுடன் அது ஒத்துப்போகாது.

தந்தை ஆல்பினோ என்பதால் சாதாரண நிறக் குட்டிகள் அனைத்தும் 100% ஹெட். ஆனால் பெண் முன்பு வேறு ஆணுடன் சேர்ந்திருந்தால், பல மாதங்கள் விந்தணுவைச் சேமித்து வைத்திருக்கக்கூடும். தந்தை யார் என்ற ஐயம் தீராதவரை அந்த முத்திரையைக் குட்டிகளுக்குக் கொடுக்காதீர்கள்.