கேள்வி – பதில்: சங்கத்தின் மீற்றர்க் கொப்பியைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாமா?

கேள்வி: 180 வீடுகளுக்குக் குடிநீர் கொடுக்கும் சங்கத்தை ஊரவர் நாங்களே கூட்டுறவாக நடத்துகிறோம். போன வருடம் மிஞ்சிய காசில் மாணவருக்கு ஒருநாள் தலைமைத்துவப் பயிற்சி வைத்தோம். பேச்சு, ரீசேட், மதியச் சாப்பாடு எல்லாம் இருந்தன. பிறகு ஒரு பிள்ளைகூடச் சங்கப் பக்கம் வரவில்லை. இம்முறை என்ன செய்யலாம்?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: பேச்சைக் குறைத்து, சங்கத்தின் உண்மையான வேலை ஒன்றைக் கையில் கொடுங்கள். 15 முதல் 19 வயது வரை பன்னிரண்டு பேர் போதும். மாதம் இரண்டு சனிக்கிழமை, பிற்பகல் 2 மணி தொடக்கம் நாலரை வரை, மூன்று மாதம். நாலரையைத் தாண்ட விடாதீர்கள். பொழுதுபட்டால் யானை நடமாடும் பகுதி. ஒருநாள் இருட்டினால் அடுத்த முறை பெண்பிள்ளைகளை வீட்டில் விடமாட்டார்கள்.

முதல் வேலை நீர்க்கணக்கு. தாங்கியின் வெளிக்குழாயிலுள்ள பெரிய மீற்றரையும் வீட்டு மீற்றர்களையும் ஒரே நாளில் வாசிக்க வேண்டும். சோடிக்கு 30 வீடு. நாள் மாறினால் கணக்குப் பொய்க்கும். உதாரணத்துக்கு, மாதத்தில் தாங்கியிலிருந்து 1,850 யூனிற் போயிருக்க, வீடுகளின் மொத்தம் 1,480 என்றால், 370 யூனிற், அதாவது 20 வீதம், காணவில்லை. ஒரு யூனிற் ஆயிரம் லீற்றர். எங்கே போனது? பராமரிப்பாளர் இரவு 12 மணிக்கும் 3 மணிக்கும் பெரிய மீற்றரைக் குறித்து வைக்கட்டும். அன்றிரவு மட்டும் வீட்டுத் தாங்கிகளின் வால்வைப் பூட்டிவைக்கும்படி முதலே சொல்லிவிடுங்கள். அந்த மூன்று மணித்தியாலத்தில் ஒன்றரை யூனிற் ஓடியிருந்தால் மணிக்கு அரை யூனிற், 30 நாளுக்கு 360. இழப்பு அநேகமாக முழுவதும் குழாய் வெடிப்பில்தான். மீற்றர் அசையவே இல்லையென்றால், ஓடாமல் நின்றுபோன வீட்டு மீற்றர்களைத் தேட வேண்டும். இந்தக் கணக்கைத் தானே போட்ட பிள்ளை அடுத்த கிழமை கூப்பிடாமலே வரும்.

அடுத்தது குளோரீன். கிருமி கொல்லத் தண்ணீரில் சேர்க்கும் குளோரீன் கடைசி வீட்டுக் குழாயில் எஞ்சும் அளவு லீற்றருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மாத்திரை போட்டு நிறம் பார்க்கும் சோதனையைப் பிள்ளைகள் செய்யலாம். குளோரீனுக்காகத் தண்ணீரில் கலக்கும் வெளிற்றும் தூளை மட்டும் அவர்கள் தொடக் கூடாது. அளவு குறைந்தால் தூள்ப் பையையும் பாருங்கள். வாய் திறந்து வெக்கையில் கிடந்த தூளுக்கு வீரியம் இராது.

தண்ணீர்க் காசு கட்டாத வீடுகளின் நிலுவைப் பட்டியலைப் பிள்ளைகளுக்குப் பெயரோடு காட்டிவிடாதீர்கள். சின்ன ஊர்; திங்கட்கிழமையே பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை தலைகுனிய நேரும். இணைப்பு இலக்கம் போதும்.

கடைசி அமர்வில் பிள்ளைகளே ஒரு கூட்டம் நடத்தி, தலைவர், செயலாளர், பொருளாளர் வேலையை மாற்றி மாற்றிச் செய்யட்டும். ஒருவருக்கு மூன்று நிமிடப் பேச்சு. கூட்ட அறிக்கையில் தீர்மானம், பொறுப்பாளர், முடிக்கும் திகதி மூன்றும் இருக்க வேண்டும். பிறகு பொதுக்கூட்டத்தில் அவர்களுக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். அவர்கள் கண்ட குறைகளுக்கு நிர்வாகசபை 30 நாளுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். அந்தப் பதில் போகாவிட்டால் மூன்று மாத உழைப்பும் வீண்.

கேள்வி: அமெரிக்காவில் மின்சாரக் கூட்டுறவுகள் மாணவரைத் தலைநகருக்கு அனுப்புமாமே? இங்கும் முடியுமா?
– மாணவி, மல்லாவி

பதில்: உண்மைதான். 1957இல் சிக்காகோவில் நடந்த கூட்டமொன்றில் அப்போது செனற்றராக இருந்த லிண்டன் ஜோன்சன் சொன்ன யோசனை அது. 1964 முதல் நாடளாவிய ஏற்பாடாக நடக்கிறது. தனியார் கம்பனிகள் தோட்டங்களுக்குக் கம்பி இழுக்காத காலத்தில் கமக்காரர் தாங்களே சேர்ந்து அமைத்த சங்கங்கள் அவை. வன்னியில் மின்சாரம் அப்படி வரவில்லை. இங்கு மக்கள் கையில் இருப்பவை குடிநீர், கடற்றொழில், பலநோக்குச் சங்கங்கள். பயணம் இரணைமடுக் குளம் வரை போதும். வான்கதவை எப்போது, யார் சொல்லித் திறக்கிறார்கள் என்று நீர்ப்பாசன உத்தியோகத்தரிடம் நேரில் கேளுங்கள். போகும் மாணவரைத் தெரிவுசெய்ய ஒரு பக்கக் கட்டுரையும் நேர்முகமும் வையுங்கள். சொந்தக்காரப் பிள்ளை வந்தால் அந்த நிர்வாகசபை உறுப்பினர் எழுந்து வெளியே போக வேண்டும்.

கேள்வி: மகள் உயர்தரம் படிக்கிறா. இதனால் ரியூசன் கெடாதா?
– தாய், பரந்தன்

பதில்: பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கையில் சேர்க்க வேண்டாம். உயர்தரத்தின் முதல் வருடம் என்றால் மாதம் ஐந்து மணித்தியாலம் சமாளிக்கலாம். சேர முன்பு ரியூசன் நேர அட்டவணையைச் சங்கத்திடம் கொடுங்கள். சான்றிதழில் வெறுமனே ‘பங்குபற்றினார்’ என்று போடவிடாமல், மகள் எத்தனை மீற்றர் வாசித்தா, எந்தக் கூட்டத்தில் அறிக்கை எழுதினா என்று எழுதி வாங்குங்கள்.