காற்று அடித்த விசில்

கேள்வி: 1940-இல் ஜெர்மன் விமானப்படையை எதிர்த்து நடந்த பிரிட்டன் வான்போரில் ஜெயித்த 'அந்தச் சிலர்' என்று சர்ச்சில் புகழ்ந்தது விமானிகளைத்தானே? தரையில் இருந்தவர்களுக்குப் பங்கே இல்லையா?

பதில்: இல்லையாவது! பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் இறக்கைகளில் 8 இயந்திரத் துப்பாக்கிகள். விசையை விடாமல் அழுத்தினால் சுமார் 15 விநாடியில் தோட்டா மொத்தமும் காலி. அப்புறம் இறங்கித்தான் ஆகவேண்டும்.

துப்பாக்கி வாய்களில் குளிரும் ஈரமும் புகாதபடி துணி ஒட்டியிருப்பார்கள். சுட்டால் அது கிழியும். திரும்பி வரும்போது அந்த ஓட்டைகளில் காற்று விசிலடிக்கும். அதைக் கேட்டதுமே, சண்டை நடந்திருக்கிறது என்று ஆயுதப் பிரிவுக்காரர்கள் தோட்டாப் பெட்டிகளோடு தயாராகிவிடுவார்கள். ஒருவர் பெட்ரோல் நிரப்ப, ஒருவர் ஆக்ஸிஜனைக் கவனிக்க, இன்னொருவர் முன் கண்ணாடியைத் துடைப்பார். சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். கண்ணாடியில் ஒட்டிய பூச்சியும் தூரத்து எதிரி விமானமும் பார்வைக்கு ஒரே புள்ளிதான்!

சரி, எதிரி எங்கே என்று சொன்னது யார்? கரையோர ராடார் நிலையங்கள், வெட்டவெளியில் தொலைநோக்கியோடு நின்ற கண்காணிப்பாளர்கள். அந்தத் தகவல்களை வைத்து, பெரிய வரைபட மேசையில் நீளக் கோலால் அடையாள வில்லைகளை நகர்த்தியவர்களில் பலர் விமானப்படையின் இளம்பெண்கள். குண்டு விழுந்தபோதும் மேசையை விட்டு நகராதவர்கள் அவர்களில் உண்டு.