சொத்து வரி: கட்டாமல் விட்டால் என்ன?

கேள்வி: என் வீடு 1,100 சதுர அடி. முன்பு அரையாண்டுக்கு 800 ரூபாய் சொத்து வரி கட்டிக்கொண்டிருந்தேன். 2022-ல் அது 1,200 ஆனது. இப்போது 1,272. ஓய்வூதியத்தில் வாழ்கிறவன் நான். இந்தப் பணமெல்லாம் எங்கே போகிறது என்று யாரும் சொல்வதில்லை. ஊரே சேர்ந்து ஒரு வருடம் வரி கட்டாமல் விட்டால்தான் சரிப்படும் என்கிறார்கள் எங்கள் தெருக்காரர்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தருமபுரி

பதில்: கட்டாமல் விடாதீர்கள், ஐயா. தெருக்காரர்களிடமும் சொல்லிவிடுங்கள். தாமதித்தால் மாதம் 1 சதவீதம் கூடுதலாக உங்கள் தலையில்தான் விழும். வசூல் குறைந்தால் முதலில் அடி வாங்குவது விடியற்காலையில் உங்கள் வாசலுக்கு வரும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். அவருடைய சம்பளம்தான் தள்ளிப்போகும். வேறு யாருக்கும் புத்தி வராது.

ஆனால் உங்கள் கடிதத்தின் நடுவில் ஒரு வரி இருக்கிறது: பணம் எங்கே போகிறது என்று யாரும் சொல்வதில்லை. அதைத்தான் நீங்கள் முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும்.

உயர்வைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னை தவிர்த்த நகராட்சிகளில் சொத்து வரியை மொத்தமாக மாற்றியமைக்கும் பொதுச் சீராய்வு நடந்தது 2008-ல். அப்புறம் 2018-ல் உயர்த்தினார்கள், 2019 நவம்பரில் அதை நிறுத்தி வைத்தார்கள். 2022 ஏப்ரலில்தான் உறுதியாக உயர்ந்தது. 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. உங்கள் வீட்டுக்கு 50 சதவீதம். பதினான்கு வருடத்துக்குப் பிரித்துப் பாருங்கள், ஆண்டுக்கு 4 சதவீதம்கூட வராது. வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருந்தால் நீங்கள் கடிதமே எழுதியிருக்க மாட்டீர்கள். ஓட்டுக்குப் பயந்து தள்ளிப்போட்டவர்கள் மொத்தச் சுமையையும் ஒரே நாளில் உங்கள் மேல் இறக்கினார்கள். என் கோபம் அதன் மேல்தான்.

அந்த உயர்வுக்கும் ஒரு நெருக்குதல் தேவைப்பட்டது. சொத்து வரியைச் சீர்செய்து, மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வசூலையும் கூட்டிக் காட்டினால்தான் நகரங்களுக்கு மானியம் என்று, மத்திய நிதியைப் பகிர்ந்தளிக்கப் பரிந்துரைக்கும் 15-ஆவது நிதிக்குழு நிபந்தனை போட்டது. பிறகு வருடந்தோறும் உயர்த்தும் ஏற்பாடும் வந்தது. 1,200 ரூபாய் 1,272 ஆனது அந்த 6 சதவீதத்தால்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். 2016 அக்டோபரில் நகர்மன்றங்களின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில். இடையில் ஐந்து வருடத்துக்கு மேல் கவுன்சிலரே கிடையாது, அரசு நியமித்த தனி அலுவலர்கள் ஆட்சிதான். மார்ச்சில் கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள், ஏப்ரலில் வரி உயர்வு அறிவிப்பு வந்துவிட்டது. கணக்குக் கேட்கும் பழக்கமே ஊரில் அறுந்துபோயிருந்த நேரம் அது.

சரி, பணம் எங்கே போகிறது? ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்துப் பிள்ளைகளின் பல்லிலும் எலும்பிலும் ஃபுளோரைடு ஏறியதைப் பார்த்துப் பார்த்துப் போராடி வாங்கிய திட்டம். சுமார் 1,928 கோடி ரூபாய், ஜப்பான் கடனுதவி, 2013-ல் திறப்பு. அந்தப் பெரிய பணத்தில் உங்கள் வரி இல்லை. ஊர் எல்லைக்கு வந்த தண்ணீருக்குக் குடிநீர் வடிகால் வாரியத்துக்கு அளவுப்படி காசு கட்டுவது, மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரின் மின்கட்டணம், வால்வு திறப்பவர் சம்பளம், தெருவில் உடைந்த குழாயை மாற்றுவது, இவையெல்லாம் நகராட்சியின் பாடு. சாலையும் சாக்கடையும் அப்படித்தான். கட்டுவதற்குத் திட்டப் பணம் மேலிருந்து வருகிறது, கல்வெட்டு வைத்துத் திறக்கிறார்கள். ஐந்து வருடம் கழித்துத் தூர்வாரும் பணம் ஊரில்தான் புரள வேண்டும். தெருவிளக்கு மின்கட்டணம், குப்பை, நகராட்சி ஊழியர்களின் ஓய்வூதியம் எல்லாம் அதே பெட்டிதான். நீங்கள் ஆசிரியர் என்பதால் சொல்கிறேன், சொத்து வரியோடு வசூலாகும் நூலக வரி கிளை நூலகத்துக்குப் புத்தகமாக வர வேண்டிய பணம். வந்ததா என்று அங்கே போய்க் கேளுங்கள்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. வரி போடுவது கட்டடத்தின் பரப்பு, மண்டலம், வயது, வீடா கடையா என்ற விவரம், இவற்றை வைத்து. மேலே இரண்டு மாடி எழுப்பிவிட்டுத் தரைத்தளத்துக்கு மட்டும் வரி கட்டுகிறவர்களும், வீடு என்று பதிந்துவிட்டுக் கடை நடத்துகிறவர்களும் எந்த ஊரிலும் உண்டு. அவர்கள் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு ரூபாயும் உங்களைப் போல் ஒழுங்காகக் கட்டுகிறவர் தலையில் வந்து உட்காருகிறது. தெரு கூடிப் பேச வேண்டியது இதைத்தான்.

கேட்கும் இடமும் இருக்கிறது. தருமபுரியின் 33 வார்டுகளுக்கும் கவுன்சிலர் உண்டு. வார்டு குழு, பகுதி சபா விதிகள் 2022-ல் வந்து, அந்த ஆண்டு நவம்பர் 1-ல் மாநிலமெங்கும் பகுதி சபா, அதாவது வார்டுக்குள் மக்கள் கூடிக் கேள்வி கேட்கும் கூட்டம், கூடியது. அடுத்த கூட்டம் எப்போது என்று உங்கள் கவுன்சிலரிடம் தேதி வாங்குங்கள். பத்துப் பேராகப் போங்கள். 'எங்கள் வார்டில் போன வருடம் எவ்வளவு வரி வசூலானது, எங்கள் வார்டுக்கு எவ்வளவு செலவானது, பாக்கி வைத்திருக்கும் பெரிய கட்டடங்கள் எத்தனை?' இந்த மூன்றையும் எழுத்தில் கொடுங்கள். பதில் வரவில்லையென்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு. வரவு செலவுத் திட்டத்தையும் உள்ளாட்சி நிதித் தணிக்கை அறிக்கையையும் சேர்த்துக் கேளுங்கள்.

அப்புறம், அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு. உங்களுக்கு 63 ரூபாய் மிச்சமாகும். மனுவுக்கு அதுவே போதும், தபால் செலவும் சேர்த்து. பதில் வந்ததும் ஒரு நகலை இங்கே அனுப்புங்கள், இந்தப் பக்கத்திலேயே முழுதாக வெளியிடுகிறேன்.