மலையுச்சி வானொலிக்கு 61,500 பவுண்டு வண்டி வேண்டுமா?

கேள்வி: எனக்கு 59 வயது. 1999இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லண்டன் குரொய்டனில் குடியிருக்கிறேன். மின்சாரமும் பேட்டரியும் இல்லாத நாட்களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவன். சென்ற ஆண்டு, பொழுதுபோக்காக மற்ற நிலையங்களோடு பேசும் அமெச்சூர் வானொலியில் ஃபவுண்டேஷன் எனும் தொடக்கநிலை உரிமம் எடுத்தேன். மலையுச்சிகளில் ஏறி அங்கிருந்து தொடர்பு கொள்ளும் 'சமிட்ஸ் ஆன் தி ஏர்' திட்டத்தில் ஆசை பிடித்துவிட்டது. அடுத்த ஆண்டு வேலையை விட்டுவிட்டு, படுக்கையும் சமையல் வசதியும் உள்ள மோட்டார்ஹோமில் ஆண்டுக்கு ஆறு வாரம் மனைவியோடு மலைமலையாகச் சுற்ற நினைக்கிறேன். முதலில் ஸ்காட்லாந்து, பிறகு ஆல்ப்ஸ். நான்கு ஆண்டுகள் ஓடிய வண்டி ஒன்றுக்கு 61,500 பவுண்டு கேட்கிறார்கள். சுமையோடு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3,850 கிலோ. வெறும் வண்டி 3,240 கிலோ. சனிக்கிழமைக்குள் 1,000 பவுண்டு முன்பணம் கட்ட வேண்டுமாம்.

என் ஓய்வூதிய நிதியில் 248,000 பவுண்டு இருக்கிறது. அதில் வரியில்லாத கால்பங்கை எடுத்து வண்டி வாங்கலாமா? சோலார் தகடு, வானொலிக் கருவிகள், பயணச் செலவுக்கு இன்னும் 20,000 எடுக்க நினைக்கிறேன். சம்பளம் 34,000. வீட்டுக் கடன் 38,000 பாக்கி, வட்டி 4.9 சதவீதம், ஆறு ஆண்டுகள். சேமிப்பு 14,000. அரசு ஓய்வூதியக் கணக்கில் 26 ஆண்டுகள் பதிவாகியுள்ளன. இங்கே கார் உரிமம் எடுத்தது 2001இல். மனைவி வேலை பார்க்கிறார். அவருக்கு வானொலியில் ஆர்வம் இல்லை.

பதில்: சனிக்கிழமை முன்பணம் கட்டாதீர்கள். உங்கள் கடிதத்தில் என் கண்ணை முதலில் உறுத்தியவை 3,850, 2001 என்ற இரண்டு எண்கள்தான். பிரிட்டனில் 1997 ஜனவரி 1க்குப் பிறகு கார் தேர்வில் தேறியவர்கள் 3,500 கிலோவரை உள்ள வண்டியைத்தான் ஓட்டலாம். அதற்கு மேல் போனால் சி1 வகை உரிமம் வேண்டும். மருத்துவச் சான்று, எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு என்று மூன்றையும் தாண்டினால்தான் அது கிடைக்கும். இப்போதைய நிலையில் அந்த வண்டியை விற்பனை முற்றத்திலிருந்து வெளியே எடுத்தாலே சட்ட மீறல். விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் கையை விரித்துவிடக்கூடும்.

விற்பவர், "அனுமதி எடை குறித்த தகட்டை 3,500க்கு மாற்றித் தருகிறோம்" என்று சொல்லக்கூடும். அப்படிச் செய்ய வழி இருக்கிறது. ஆனால் வெறும் வண்டியே 3,240 என்பதால், சுமைக்கு மிச்சமாவது 260 கிலோ. நூறு லிட்டர் தண்ணீர் நிரப்பினால் நூறு கிலோ போயிற்று. மனைவி ஏறி உட்கார்ந்தால் இன்னும் அறுபது எழுபது. அதன் பிறகு எரிவாயு, போர்வை, வெய்யில் பந்தல், பேட்டரி, அரிசி, சட்டி பானை. ஸ்காட்லாந்து எல்லைக்குப் போகும் முன்பே எடை மீறிவிடுவீர்கள்.

அடுத்தது, நீங்கள் கடிதத்தில் எழுதாத ஒரு விஷயம். 2002 மார்ச்சில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தொடங்கிய 'சமிட்ஸ் ஆன் தி ஏர்' திட்டத்தின் விதிகளைப் படித்திருப்பீர்கள். வண்டியிலிருந்து பேசக் கூடாது, வண்டியின் மின்சாரத்தை எடுக்கக் கூடாது, ஜெனரேட்டர் கூடாது. உச்சிக்குப் போகும் கடைசிப் பகுதியை உடல் உழைப்பால் கடந்திருக்க வேண்டும். வேல்ஸின் ஸ்னோடன் உச்சிவரை ரயில் போகிறதே என்று ஏறி உட்கார்ந்தாலும் செல்லாது. உச்சியிலிருந்து செங்குத்தாக 25 மீட்டருக்கும் கீழே இறங்கி, மறுபடி நடந்து ஏற வேண்டும். நான்கு பேரோடு தொடர்பு கொண்டால்தான் அந்த உச்சிக்குரிய புள்ளிகள். இதில் எங்கேயும் மோட்டார்ஹோமுக்கு வேலையே இல்லை. 61,500 பவுண்டு கொடுத்து நீங்கள் வாங்குவது ஒரு படுக்கையைத்தான். வானொலி நிலையம் உங்கள் முதுகுப்பைக்குள் இருக்கிறது.

அந்தப் படுக்கையும் மலையடிவாரம்வரை வராது என்பது வேறு சிக்கல். நடைபாதைகள் தொடங்கும் வாகன நிறுத்தங்கள் பலவற்றில் இரண்டு மீட்டர் உயரத்தில் குறுக்குக் கம்பி போட்டிருக்கிறார்கள். உங்கள் வண்டி எப்படியும் மூன்று மீட்டரை ஒட்டி இருக்கும். ஸ்காட்லாந்தில் எங்கும் தங்கலாம் என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். 2003ஆம் ஆண்டு நிலச் சட்டம் தரும் அந்த உரிமை நடப்பவருக்கும் கூடாரம் போடுபவருக்கும் உரியது. மோட்டார் வண்டிக்கு இல்லை. ஆகவே முகாம் கட்டணத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, எடை குறைந்த வேறு வண்டி இதே விலைக்குக் கிடைத்தது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். காப்புறுதி 780 பவுண்டு. உங்கள் தெருவில் நிறுத்த இடமிருக்காது, எனவே நிறுத்துமிட வாடகை மாதம் 75, ஆண்டுக்கு 900. சாலை வரி, எம்ஓடி எனும் ஆண்டுச் சோதனை, சர்வீஸ், ஈரக்கசிவுச் சோதனை எல்லாம் சேர்த்து 1,060. ஐந்து ஆண்டுகளில் 45,000க்கு விற்க முடிந்தால், விலை இறக்கம் ஆண்டுக்கு 3,300. அந்தப் பணம் 4 சதவீதத்தில் இருந்திருந்தால் வரும் வட்டி 2,460. மொத்தம் 8,500. இவை என் உத்தேச எண்கள். நீங்கள் கேட்டு வாங்கும் விலைகளை இட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஆறு வாரம் என்றால் 42 இரவு. வண்டி அசையாமல் நிற்கும்போதே ஓர் இரவுக்கு 200 பவுண்டுக்குமேல். டீசலும் முகாம் கட்டணமும் தனி.

மே, செப்டம்பர் மாதங்களில் வாரத்துக்கு 910 பவுண்டுக்கு வாடகை வண்டி கிடைத்தால் அதே ஆறு வாரத்துக்கு 5,460. ஆண்டுக்கு ஒன்பது பத்து வாரம் சுற்றுபவருக்குத்தான் சொந்த வண்டி கட்டுப்படியாகும். அந்த அளவுக்குச் சுற்றுவீர்களா என்பது இரண்டு பருவம் சுற்றிப் பார்த்த பிறகு தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியாது. பழைய வண்டியை மலிவாக வாங்கலாமா என்று கேட்பீர்கள். யூரோ 6 புகைத் தரத்துக்கு வராத டீசல் வண்டி என்றால், குரொய்டன் வீட்டிலிருந்து கிளப்பும் ஒவ்வொரு நாளும் லண்டன் மாநகருக்கு 12.50 பவுண்டு புகைக் கட்டணம்.

ஈரக்கசிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் வாடிக்கையாளர் ஒருவர் நல்ல பளபளப்பான வண்டி வாங்கினார். இரண்டாவது குளிர்காலத்தில், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே தரையை விரலால் அழுத்தினால் ஊறவைத்த ரஸ்க்போல உள்ளே போயிற்று. விற்றபோது கிடைத்த விலையை அவர் இன்றுவரை மனைவியிடம் சொல்லவில்லை.

இனி ஓய்வூதிய நிதிக்கு வருகிறேன். வண்டியைவிட எனக்குக் கவலை தருவது இதுதான். கால்பங்கு 62,000 பவுண்டு வரியின்றி எடுக்கலாம், உண்மை. ஆனால் கூடுதலாக எடுக்க நினைக்கும் 20,000க்கு வரி உண்டு. அதை வேலையில் இருக்கும் இந்த ஆண்டே எடுத்தால் உங்கள் வருமானம் 54,000 ஆகிவிடும். இப்போதைய வரி வரம்புகளின்படி 50,270வரை 20 சதவீதம், அதற்கு மேல் 40. ஆக 20,000க்கு 4,746 பவுண்டு வரி. அதே பணத்தை, சம்பளம் எதுவும் வராத அடுத்த வரி ஆண்டில் எடுத்தால் முதல் 12,570க்கு வரியே இல்லை, மீதிக்கு 1,486. ஏப்ரல் 6 தாண்டும்வரை பொறுத்திருந்தால் 3,260 பவுண்டு மிச்சம். முதல்முறை எடுக்கும்போது அவசர வரிக் குறியீட்டில் தேவைக்குமேல் பிடித்துக்கொள்வார்கள். பதற வேண்டாம், பி55 படிவம் நிரப்பித் திரும்பப் பெறலாம்.

உங்களுக்கு அரசு ஓய்வூதியம் 67 வயதில்தான் வரும். 60இல் வேலையை விட்டால் ஏழு ஆண்டுகள் இந்த நிதியையும் மனைவியின் சம்பளத்தையும் நம்பித்தான் ஓட்ட வேண்டும். கால்பங்கை வண்டியாக்கிவிட்டால் மீதி 186,000. இந்த ஏழு ஆண்டிலும் ஆண்டுக்கு 15,000 எடுத்தாலே 105,000 கரைந்துவிடும். முதலீட்டு லாபத்தை நான் இதில் சேர்க்கவில்லை.

அதோடு, முழு அரசு ஓய்வூதியத்துக்கு 35 ஆண்டு நேஷனல் இன்சூரன்ஸ் பதிவு வேண்டும். அடுத்த ஆண்டு வேலையை விட்டால் உங்களிடம் இருப்பது 27. எட்டு ஆண்டு குறைகிறது. 2025-26 கணக்கில் முழு ஓய்வூதியம் வாரத்துக்கு 230.25, ஆண்டுக்கு 11,973 பவுண்டு. ஒவ்வோர் ஆண்டுப் பதிவும் அதில் சுமார் 342 பவுண்டு பெறும். விடுபடும் ஆண்டை மூன்றாம் வகுப்புப் பங்களிப்பு கட்டி நீங்களே வாங்கலாம். அதே 2025-26 விலை வாரத்துக்கு 17.75, ஆண்டுக்கு 923. அதாவது ஓய்வூதியம் வரத் தொடங்கி மூன்று ஆண்டுக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். பிறகு ஆயுள் முழுவதும் லாபம், ஆண்டுதோறும் உயர்வோடு. 67 வயதுவரை வேலையில்லாமல் கழியும் ஏழு ஆண்டுகளையும் வாங்க 6,461 பவுண்டு. பலன் ஆண்டுக்கு 2,394. நான் இருபது ஆண்டாகப் பார்த்துவரும் முதலீடுகளில் இதற்கு ஈடானது அரிது. புலம்பெயர்ந்து வந்த நம்மவர் பலருக்கு இந்தப் பள்ளம் இருக்கிறது, பலர் அதைப் பார்ப்பதே இல்லை. கட்டுவதற்கு முன் அரசின் ஓய்வூதிய முன்கணிப்பை இணையத்தில் எடுத்துப் பாருங்கள். 2016க்கு முந்தைய பதிவுகளில் சிலருக்குக் கணக்கு மாறும்.

கடன் எளிது. 38,000க்கு ஆண்டு வட்டி இப்போது 1,860 பவுண்டை ஒட்டி. கால்பங்கில் கையை வைப்பதாக இருந்தால் முதலில் அதைத்தான் அடைப்பேன், முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு. முழுக் கால்பங்கையும் ஒரே மூச்சில் எடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. சேமிப்பு 14,000ஐத் தொடாதீர்கள். 50 வயது தாண்டியவர்களுக்கு பென்ஷன் வைஸ் சேவை இலவச ஆலோசனை தருகிறது. எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு மணி நேரம் அவர்களிடம் பேசுங்கள்.

வானொலிச் செலவுக்கு நான் குறுக்கே நிற்கப்போவதில்லை. உரிமத்துக்கு ஆண்டுக் கட்டணம் கிடையாது, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை இணையத்தில் உறுதிசெய்தால் போதும். 2 மீட்டர் அலைவரிசையில் பேசும் கையடக்கக் கருவி ஒன்று, 7 மெகாஹெர்ட்ஸும் 14 மெகாஹெர்ட்ஸும் பேசும் சிறிய கருவி ஒன்று, லித்தியம் பேட்டரி, கொஞ்சம் கம்பி. கம்பியைத் தூக்கிக் கட்ட இங்கே எல்லோரும் மடக்கு தூண்டில் கம்பைத்தான் நடுகிறார்கள். 1,400 பவுண்டு ஒதுக்குங்கள், தாராளமாகவே போதும். ஆல்ப்ஸ் ஆசைக்கு வேறு ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது: ஐரோப்பிய நாடுகளில் தனி அனுமதி இல்லாமல் பேசுவதற்கு உங்கள் ஃபவுண்டேஷன் உரிமம் செல்லாது. முழு உரிமம் வேண்டும். வழக்கமான வழியில் இன்னும் இரண்டு தேர்வு. பணம் அதிகமில்லை, படிக்க நேரம் வேண்டும். அதுவரை ஸ்காட்லாந்து ஓடிப்போகாது.

உங்கள் மனைவியின் கருத்தை ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். நீங்கள் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையில் ஏறி இறங்க ஏழெட்டு மணி நேரம் ஆகும். அதற்கு மேல் உச்சியில் நின்று நான்கு பேரைக் கூப்பிட வேண்டும். அவர் அந்த நேரம் முழுவதும் அடிவாரத்தில் என்ன செய்வார்? இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கழிப்பறைப் பெட்டியை இழுத்துக்கொண்டுபோய்க் காலி செய்வது யார்? இதைப் பேசாமல் வாங்கிய வண்டிகள்தான் மூன்றாம் ஆண்டில் விற்பனைக்கு வருகின்றன. ஓய்வூதியம் உங்கள் பெயரில் இருந்தாலும் அது இருவரின் முதுமைக்கான பணம்.

என் யோசனை இது. இந்த மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை லீத் ஹில் என்ற குன்றுக்குப் போய்வாருங்கள். 294 மீட்டர், உங்கள் வீட்டிலிருந்து அரை நாள் வேலை, ஒரே ஒரு புள்ளிதான் கிடைக்கும். குளிர்காற்றில் நின்று கூப்பிடுவது பிடிக்கிறதா என்று அங்கே தெரிந்துவிடும். மே மாதத்தில் இரண்டு வாரத்துக்கு 3,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டியை வாடகைக்கு எடுங்கள், அதுவும் லண்டனில் வேண்டாம். குரொய்டனிலிருந்து, பென் நெவிஸ் அடியிலுள்ள ஃபோர்ட் வில்லியம் ஊருக்குப் போய்வர ஆயிரம் மைலுக்கு மேல். இப்படிப்பட்ட வண்டிக்கு டீசல் மட்டும் என் உத்தேசத்தில் 240 பவுண்டு அளவில் ஆகும், போக வர நாலு நாளும் வீண். கிளாஸ்கோவரை ரயிலில் போய் அங்கே வண்டி எடுங்கள். பென் நெவிஸ் பாதையின் அடியிலேயே க்ளென் நெவிஸில் முகாம் இருக்கிறது, வண்டியை நிறுத்திவிட்டு அப்படியே நடக்கத் தொடங்கலாம். தூண்டில் கம்பை மடக்கினால் ரயிலில் தலைக்கு மேலுள்ள தட்டில் அடங்கிவிடும்.