வாசகர் கேள்வி: மூளை அலையைக் கணினியில் பார்க்க முடியுமா?

கேள்வி: பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் இறுதியாண்டு படிக்கிறேன். மூளையின் மின் அலைகளைக் காட்டும் ஈ.ஈ.ஜி. கருவி ஒன்றை நானே செய்து, வீட்டுக் கணினியின் மைக் துளையில் இணைக்க விரும்புகிறேன். ஆபத்து ஏதும் உண்டா? என் தம்பிக்கு வலிப்பு வருவதுண்டு. அவனுக்கும் இதை வைத்துப் பார்க்கலாமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: செய்யலாம். ஆனால் மைக் துளையை விட்டுவிடுங்கள். ஒலிக்காக அமைந்த அந்த வழி, ஏறக்குறைய 20 ஹெர்ட்சுக்குக் கீழுள்ளவற்றைப் பெரும்பாலும் மட்டுப்படுத்திவிடும். கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது எழும், நீங்கள் முதலில் தேட வேண்டிய ஆல்ஃபா அலையோ 8 முதல் 13 ஹெர்ட்சுக்குள் இருக்கிறது. மின்னழுத்தத்தை எண்ணாக்கிக் கணினிக்கு அனுப்பும் அர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையே போதும்.

தலைத்தோலில் கிடைப்பது சில பத்து மைக்ரோவோல்ட் மட்டுமே. அர்டுயினோ ஊனோ 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிப்பதால் ஒரு படியே ஏறத்தாழ 5 மில்லிவோல்ட் ஆகிறது; எனவே சுமார் 10,000 மடங்கு பெருக்க வேண்டியிருக்கும். பலர் சறுக்குவது இங்கேதான். தலையில் வைக்கும் மின்முனையும் தோலும் சேருமிடத்தில் தானாகவே உண்டாகும், அலையாக ஏறி இறங்காத டி.சி. மின்னழுத்தம் அலையைவிடப் பல நூறு மடங்கு பெரிதாக இருக்கக்கூடும் என்பதால், ஏடி620 போன்ற பெருக்கிச் சிப்பில் முதலில் பத்து, இருபது மடங்கு மட்டும் பெருக்கி, அந்த டி.சி.யை மின்தேக்கியால் தடுத்த பிறகே மீதிப் பெருக்கத்தைச் செய்ய வேண்டும். கடைசியில் அலையின் நடுக்கோட்டை 2.5 வோல்ட்டுக்கு உயர்த்தாவிட்டால் கீழ்ப்பாதி பதிவாகாது.

ஆபத்து உண்டு, அது வீட்டு மின்சாரத்திலிருந்து வருவது. பெருக்கியைப் பேட்டரியில் மட்டும் இயக்குங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டு மடிக்கணினியைப் பயன்படுத்துங்கள்; சுவர் பிளக்கில் செருகிய மேசைக் கணினி மட்டுமே இருந்தால், கணினிக்கும் கருவிக்கும் இடையே நேரடி மின்தொடர்பைத் துண்டிக்கும் தரமான யூ.எஸ்.பி. தனிமைப்படுத்தி இல்லாமல் மின்முனையைத் தலையில் வைக்கவே வேண்டாம். இதில் சிக்கனம் கூடாது. சார்ஜரைக் கழற்றுவதால் திரையில் அலையை மறைக்கும், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் ஓரளவு குறையும்.

திரையில் நெளியும் கோடெல்லாம் மூளை அலை அன்று. கண் சிமிட்டினாலும் பல்லைக் கடித்தாலும் அதைவிடப் பெரிய அலை எழும். எனவே ஒரு மின்முனையைப் பின்தலையிலும், மற்றொன்றைக் காதின் பின்புற எலும்பிலும், பொது முனையை நெற்றியிலும் வையுங்கள். ஈ.சி.ஜி. ஒட்டுகள் முடியின் மேல் ஒட்டா. பின்தலைக்குக் கிண்ண வடிவ மின்முனையும் பசையும் தேவை. கண்ணை மூடி அமைதியாக அமர்ந்தால் விநாடிக்குப் பத்து முறை அளவில் அலை எழுந்து, கண்ணைத் திறந்ததும் தணிய வேண்டும். மனித மூளை அலையை 1924இல் முதன்முதலில் பதிவு செய்து 1929இல் வெளியிட்ட ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் விவரித்ததும் இந்த அலையைத்தான். இது தெரியாதவரை உங்கள் கருவியை நம்பாதீர்கள்.

தம்பிக்கு இதை வைக்க வேண்டாம். மருத்துவமனையில் வழக்கமாக 21 மின்முனைகளை அளந்து பொருத்திப் பதிவு எடுக்கிறார்கள். அதிலும்கூட வலிப்பு உள்ளவருக்குச் சில வேளை குறை ஏதும் தெரிவதில்லை. ஒற்றைக் கோட்டைப் பார்த்து நீங்கள் நிம்மதி அடைவதும் தவறு, அஞ்சுவதும் தவறு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் காட்டுங்கள். வலிப்பு வரும்போது அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனிருக்கும் ஒருவர் கைப்பேசியில் எடுக்கும் காணொளியை மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் கருவியின் பதிவைவிட அது அவருக்குப் பயன்படும்.