நானோ படிப்பில் இப்போதே சேர்க்கலாமா? நகைப் பட்டறை வைத்திருக்கும் ஒரு அப்பாவுக்குப் பதில்

சௌகார்பேட்டை ஐயாவுக்கு வணக்கம்.

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. தங்கம், வெள்ளித் துகளை வைத்து ஒளியால் ரசாயனத்தைக் கண்டுபிடிக்கும் துறைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஒரு தனியார் கல்லூரியோ, 'நானோ டெக்னாலஜி பி.டெக். சீட் இருக்கிறது, இந்த வாரமே முன்பணம் கட்டுங்கள்' என்று விரட்டுகிறது. கட்டலாமா?

கட்ட வேண்டாம். ஆனால் மகளின் ஆசைக்கும் குறுக்கே நிற்க வேண்டாம். அவள் கேட்பது நல்ல துறைதான். அதற்குள் நுழையும் வாசல் அந்த பி.டெக். இல்லை, அவ்வளவுதான்.

மற்ற பெற்றோருக்கு முதலிலிருந்து விளக்க வேண்டியதை உங்களுக்குப் பாதியிலிருந்து ஆரம்பிக்கலாம். டச் (தங்கத்தின் தரம்) பார்க்கக் கொடுத்தால், அந்த மெஷின் நகையை உரசாமல் உருக்காமல் எக்ஸ்ரேயைப் பாய்ச்சி, தங்கம் இவ்வளவு, செம்பு இவ்வளவு என்று காட்டிவிடுகிறது அல்லவா? உங்கள் மகள் சொல்வதும் அந்த வகையறாதான். ஆனால் டச் மெஷினுக்குத் தங்கம், வெள்ளி, செம்பு போன்ற தனிமங்கள்தான் தெரியும். பால்பவுடரில் மெலமைன் என்ற கலப்பட ரசாயனம் கலந்திருக்கிறதா, ஆப்பிள் தோலில் பூச்சிமருந்து ஒட்டியிருக்கிறதா என்று கேட்டால் அதற்குப் பதில் தெரியாது. அவையெல்லாம் மூலக்கூறுகள்.

அங்கேதான் சர் சி.வி. ராமன் வருகிறார். மெரினா எதிரே இருக்கும் மாநிலக் கல்லூரியில் படித்தவர். அவர் 'ராமன் விளைவை'க் கண்டறிந்த 1928 பிப்ரவரி 28ஐத்தான் இன்றும் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். ஒரு பொருளின் மேல் ஒற்றை நிற ஒளியைப் பாய்ச்சினால், சிதறி வருவதில் பெரும்பகுதி அதே நிறத்தில் வரும். மிகச் சிறிய பங்கு மட்டும், தோராயமாக ஒரு கோடியில் ஒன்று, நிறம் மாறி வரும். எவ்வளவு மாறியது என்பதை வைத்து எந்த மூலக்கூறு என்று சொல்லிவிடலாம். சிக்கல் என்னவென்றால், அந்தச் சமிக்ஞை மிகவும் பலவீனம். பொருள் கொஞ்சமாக இருந்தால் ஒன்றும் தெரியாது.

1974இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் ஃபிளைஷ்மன், ஹெந்த்ரா, மெக்குவில்லன் மூவரும் சொரசொரப்பாக்கிய வெள்ளித் தகட்டின்மேல் பிரிடின் என்ற பொருளை வைத்துப் பார்த்தபோது, எதிர்பாராத அளவுக்குச் சமிக்ஞை வலுவாக வந்தது. பரப்பு கூடியதால் அதிக மூலக்கூறுகள் ஒட்டியிருக்கும் என்று நினைத்தார்கள். அந்தக் கணக்கு போதாது, பத்து லட்சம் மடங்கு வரைகூட ஏறுகிறது என்று 1977இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின. வெள்ளியில் இருக்கும் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து அலைவதால், உலோகத்தை ஒட்டிய இடத்தில் ஒளியின் வலு பலமடங்காகிவிடுகிறது. இரண்டு துகள்களுக்கு நடுவில் இருக்கும் இடுக்கில் இன்னும் அதிகம். 1997இல் ஒற்றை மூலக்கூறையே இப்படிப் பார்த்துவிட்டார்கள். உங்கள் மகள் கேட்கும் இந்த முறைக்குப் பெயர் SERS, அதாவது உலோகப் பரப்பால் வலுவாக்கப்பட்ட ராமன் சிதறல்.

அந்தத் துகளை எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். நீங்கள் சுத்தம் செய்யும்போது ராஜதிராவகத்தில் (இரண்டு அமிலங்களின் கலவை) தங்கத்தைக் கரைக்கிறீர்களே, அந்த வழியில் கிடைக்கும் தங்கக் குளோரைடுதான் மூலப்பொருள். அதை நிறையத் தண்ணீரில் கலந்து கொதிக்கவைத்து, சோடியம் சிட்ரேட் விடுவார்கள். வெளிர் மஞ்சள் மறையும், கருநீலம் ஓடும், சில நிமிடங்களில் ஒயின் நிறச் சிவப்பில் வந்து நிற்கும். தங்கம்தான், ஆனால் ஒவ்வொரு துகளும் சுமார் 15, 20 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்). அதில் கொஞ்சம் உப்பைப் போட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, சிவப்பு நீலமாகிவிடும். (மகளைப் பட்டறையில் செய்து பார்க்க விடாதீர்கள். அந்தப் புகை என்ன செய்யும் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.)

இனி வேலை விஷயம். இந்த முறையின் பெயரைப் போட்டு ஆள் எடுக்கும் கம்பெனி கிட்டத்தட்ட இல்லை. காரணம் துகள்களுக்கு நடுவே இருக்கும் அந்த இடுக்குகள்தான். ஒவ்வொரு முறையும் இடைவெளி கொஞ்சம் மாறும், அளவீடும் மாறும். சான்றிதழ் கொடுக்கும் ஆய்வகம் அதை நம்பிக் கையெழுத்துப் போடாது. இன்றும் குரோமட்டோகிராஃபி (கலவையைப் பிரித்துப் பார்ப்பது), மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் (மூலக்கூறை எடை வைத்து அடையாளம் காண்பது) பக்கம்தான் போகும். சாதாரண ராமன் கருவி கையடக்கமாகவே வந்துவிட்டது. மருந்து கம்பெனிகளில் மூலப்பொருளைச் சரிபார்க்கவும் போதைப்பொருளைப் பிடிக்கவும் பயன்படுகிறது. துகள் சேர்த்த முறையை நம்பகமாக்குவது இன்னும் ஆராய்ச்சிக்காரர்களின் வேலை. உங்கள் மகளுக்கு இடம் இருப்பதும் அங்கேதான்.

அந்த இடத்துக்கு முன்பே போனவர்கள் சிலரைப் பாருங்கள், நானோ பட்டத்தோடு போகவில்லை. ஃபிளைஷ்மன் வேதியியலாளர். தங்க, வெள்ளித் துகளால் குடிநீரிலிருந்து பூச்சிமருந்தை நீக்கிக் காட்டிய ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் டி. பிரதீப்பும் வேதியியல்காரர்தான். உங்கள் பக்கத்திலேயே பாருங்கள்: மணலி சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, ராஜாஜி சாலை சுங்க மாளிகையில் இருக்கும் ஆய்வகம். இங்கெல்லாம் ஆய்வகத்துக்கு ஆள் எடுக்கும்போது முதலில் கேட்பது வேதியியல் பட்டம். பதினேழு வயதில் பட்டத்தின் பெயரைக் குறுக்கிக்கொண்டால், நாளைக்கு 'இது இணையான பட்டமா' என்று சான்றிதழ் கேட்டு அலைய வேண்டிவரும்.

அதனால் பி.எஸ்சி. வேதியியல், இல்லையென்றால் இயற்பியல். பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி உங்களுக்கு நடக்கும் தூரம். மாநிலக் கல்லூரி, ராணி மேரி இரண்டும் ஒரே பஸ். அரசுக் கல்லூரிக் கட்டணத்தை அந்த முன்பணத்தோடு ஒப்பிடவே வேண்டாம். அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். மூன்றாம் ஆண்டில் ஜாம் (எம்.எஸ்சி.க்கான நுழைவுத்தேர்வு) எழுதினால் ஐஐடிகளில் எம்.எஸ்சி.; கிடைக்காவிட்டால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம் இருக்கிறது. அதற்குப்பின் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (ஆராய்ச்சி உதவித்தொகை) வாங்கினால் பிஎச்.டி. ஆராய்ச்சி செய்யும்போதே மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி.

'பத்து வருஷமா?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. எம்.எஸ்சி.யோடு நிறுத்திக்கொண்டு தரக்கட்டுப்பாட்டு வேலைக்குப் போகலாம். வாசல் அடைபடாது. சம்பளம் ஆரம்பத்தில் சுமார்தான், அதை மறைக்க மாட்டேன்.

இன்னொரு வழியும் உண்டு: ஐஐஎஸ்இஆர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்), ஐந்து வருட பி.எஸ்-எம்.எஸ். திருப்பதியில் ஒன்று இருக்கிறது, சென்ட்ரலில் ரயில் ஏறினால் போய்விடலாம். அதற்குத் தனி நுழைவுத்தேர்வு. பிளஸ் டூ ரிசல்ட் வரும்வரை காத்திருந்தால் விண்ணப்பத் தேதி போய்விடும், அதனால் மகளை இப்போதே அதன் தளத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்தத் தனியார் கல்லூரியை ஒரேயடியாக ஒதுக்க மனமில்லை என்றால், பணத்தோடு போகாமல் மகளோடு போங்கள். ராமன் கருவி இருக்கிறதா, பி.டெக். பிள்ளைகள் அதைத் தொடுகிறார்களா, போன வருடம் முடித்தவர்கள் எங்கே வேலையில் இருக்கிறார்கள் என்று மூன்றே கேள்வி. ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சாவி வேறு யாரிடமோ இருக்கிறது என்றால் அப்படியே திரும்பிவிடுங்கள்.

அப்புறம், மகளின் பதினோராம் வகுப்புக் கணக்கு, வேதியியல் மதிப்பெண்களை எனக்கு அனுப்புங்கள். வேதியியலா, இயற்பியலா என்பதை அதைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.